ப்ளூமிங்டன் பழைய வீடுகள்: சுண்ணாம்புக்கல், மரச்சன்னல், வட்டார விதிகள் (விவாத இழை)

புதுக்குடி

இண்டியானா மாநிலம் ப்ளூமிங்டனில் பழைய வீடு பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பதில்கள் மட்டும் பத்து இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிடலாம்.

பேச வசதியாக இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, எல்ம் ஹைட்ஸில் 1920களின் கடைசியில் எழுந்த சுண்ணாம்புக்கல் வீடு. இரண்டாவது, நியர் வெஸ்ட் சைடில் 1900 வாக்கில் கட்டிய ‘எல்’ வடிவ மரவீடு. இந்த இரண்டிலும் முதலில் எதைப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது, நகராட்சி எதற்கு அனுமதி கேட்கும்? தெரிந்தவர்கள் அளவு, விகிதத்தோடு எழுதுங்கள். ‘நல்ல ஆளாகப் பார்த்து விடுங்கள்’ என்பது யாருக்கும் உதவாது.

கல்தச்சன்

நீங்கள் சொன்ன இரண்டு வீடுகளும் இரண்டு தொழில்களின் பிள்ளைகள். ஊரின் மேற்குப் பக்கம் ரயில் பாதையையும் ஷவர்ஸ் பிரதர்ஸ் மரச்சாமான் ஆலையையும் ஒட்டி வளர்ந்தது. அதனால் அங்கே தொழிலாளர் குடியிருந்த சிறிய மரவீடுகள் அதிகம். இண்டியானா பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே எல்ம் ஹைட்ஸ், வினிகர் ஹில் பக்கம் போனால் பேராசிரியர்களும் கல்குவாரிக்காரர்களும் சிற்பிகளும் இருந்த வீடுகள். வினிகர் ஹில்லில் ஈஸ்ட் ஃபர்ஸ்ட் தெருவில் நடந்தால் வாசல் நிலைக்கு மேலே, சன்னலின் அடிக்கல்லில், புகைக்கூண்டில் என்று கைவேலை தெரியும். தங்கள் கைத்திறன் என்னவென்று ஊருக்குக் காட்டவே செதுக்கியது போல இருக்கும்.

அந்தக் கல் இந்த மாவட்டத்திலும் தெற்கே பெட்ஃபோர்டு பக்கத்திலும் வெட்டியெடுக்கும் சேலம் சுண்ணாம்புக்கல் (இண்டியானாவின் சேலம், நம்மூர்ச் சேலம் அல்ல). நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குப் போனதும் இதுதான். சீரான மணி, படிவு வரி கண்ணில் படாது, எந்தத் திசையிலும் உளி ஓடும். வெட்டியெடுத்த புதிதில் ஈரம் இருப்பதால் இன்னும் மென்மையாக இருக்கும். காயக் காய மேல்தோல் இறுகும். அந்த இறுகிய தோலை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது வேகமாக அரிக்கும். மணல் வீச்சுக்கு (சேண்ட்பிளாஸ்டிங்) நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

அமிலமும் கூடாது. கல்லின் உடம்பே கால்சியம் கார்பனேட். ‘செங்கல் கழுவும் திரவம்’ என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். ஊற்றினால் நுரைக்கும். அது அழுக்கு கரைவது அல்ல, கல் கரைவது. ஒரே ஒரு முறை ஊற்றினாலும் செதுக்கு வேலையின் கூர் மழுங்கிவிடும்.

சுத்தம் செய்ய முதலில் வெறும் தண்ணீர், நைலான் பிரஷ். இரும்பு பிரஷ் வேண்டாம். அதன் துணுக்கு கல்லில் தங்கித் துருக்கறை பிடிக்கும். பாசி, கரும்பூஞ்சை என்றால் டி/2 போன்ற உயிர்க்கொல்லித் திரவம் தடவி, ஊறவிட்டு, மெல்லக் கழுவலாம். சன்னலுக்குக் கீழே மழை படாத இடத்தில் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தால் அது பாசி அல்ல, காற்றில் இருந்த கந்தகம் கல்லோடு சேர்ந்து உண்டான ஜிப்சம். அதற்கு மணிக்கணக்கில் பனித்தூறலாகத் தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். எண்ணெய்க் கறைக்குப் பற்று போடலாம்: கரைப்பானில் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து அரை அங்குலக் கனத்தில் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, பிறகு மெல்லக் காயவிட்டால் கறை பற்றுக்குள் ஏறிவரும்.

தெற்குவாசல்

கல்தச்சன் கல்லைச் சொன்னார். கல்லைவிட அதிகம் கெடுவது கற்களுக்கு இடையே பூசும் இணைப்புக் காரை. அதையும் நீங்களே எழுதிவிடுங்கள், விதிமுறை பற்றி நான் எழுதுகிறேன்.

ப்ளூமிங்டனில் மூன்று வகைப் பாதுகாப்பு உண்டு. பலர் மூன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் பெயர் இருப்பது கௌரவம்தான். உங்கள் சொந்தப் பணத்தில் நீங்கள் செய்யும் வேலையை அது தடுக்காது. பல்கலைக்கழகத்தை ஒட்டி, செங்கல் பாவிய தெருக்களோடு இருக்கும் யுனிவர்சிட்டி கோர்ட்ஸ் இந்தப் பதிவேட்டில் உள்ளது.

உள்ளூர் வரலாற்று வட்டாரம் என்பது சட்டம். பொதுவழியிலிருந்து தெரியும் வெளித்தோற்றத்தை மாற்றினால் நகரின் வரலாற்றுப் பாதுகாப்பு ஆணையத்திடம் ‘சி.ஓ.ஏ.’ என்னும் பொருத்தச் சான்று வாங்க வேண்டும். எல்ம் ஹைட்ஸ், பிராஸ்பெக்ட் ஹில் எல்லாம் இதில் வரும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி வழிகாட்டிக் கையேடு. எல்ம் ஹைட்ஸ் கையேட்டில் சுண்ணாம்புக்கல் மதிலும் முற்றிய மரங்களும்கூட இடம்பெறுகின்றன. தெருவிலிருந்து தெரியும் பெரிய மரத்தை வெட்டுமுன் கேளுங்கள்.

மூன்றாவது, கன்சர்வேஷன் வட்டாரம். இது இலகுவான வடிவம். இடிப்பது, நகர்த்துவது, புதிதாகக் கட்டுவது ஆகியவற்றுக்கு மட்டும் சான்று போதும். ஆனால் இண்டியானா சட்டப்படி 3 ஆண்டு முடிந்ததும் அது தானாகவே முழு வரலாற்று வட்டாரமாக உயர்ந்துவிடும். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர்களில் பெரும்பான்மையோர் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு: மூன்றாம் ஆண்டு நிறைவுக்கு 180 நாள் முன்பிருந்து 60 நாள் முன்பு வரை. ‘இது கன்சர்வேஷன்தான், சன்னல் பற்றிக் கேட்கமாட்டார்கள்’ என்று சொல்லி வீட்டை விற்பார்கள். வட்டாரம் அறிவித்த தேதியைப் பாருங்கள்.

இவை எதிலும் வராத வீடாக இருந்தாலும், நகரின் கணக்கெடுப்பில் ‘கான்ட்ரிப்யூட்டிங்’ (பழமைக்குப் பங்களிப்பது) அல்லது அதற்கு மேல் மதிப்பிட்டிருந்தால் இடிக்க விண்ணப்பித்தவுடன் இடிக்க முடியாது. காத்திருப்புக் காலம் உண்டு.

எந்த வகையிலும் உள்ளறைக்கு ஆணையம் வராது. சமையலறையை மாற்றுவது உங்கள் விருப்பம். கட்டட, மின் அனுமதி மட்டும் வழக்கம்போல வேண்டும்.

கல்தச்சன்

காரை விஷயம். இந்த இழையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: இணைப்புக் காரை கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும்.

சுவருக்குள் போன ஈரம் எங்கேயாவது வெளியேற வேண்டும். காரை மென்மையாக இருந்தால் அது வழியாக மூச்சுவிடும். பனிக்காலத்தில் உறைந்து விரியும் நெருக்கத்தையும் காரையே வாங்கிக்கொண்டு உதிரும். உதிர்ந்தால் மறுபடி பூசலாம். இணைப்பில் கெட்டியான சிமெண்டைத் திணித்தால் ஈரம் கல் வழியாகத்தான் போகும். கல்லின் ஓரம் செதிள் செதிளாக உரியும். சிமெண்ட் மட்டும் வரம்பு போல முன்னே துருத்தி நிற்கும், கல் பின்வாங்கியிருக்கும். அப்படிப்பட்ட சுவரைப் பார்த்தால் யாரோ தவறான கலவை பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

கடையில் ‘டைப் எஸ்’ என்று மூட்டையில் கிடைக்கும் கெட்டிக் கலவையை வாங்காதீர்கள். ‘டைப் என்’ என்பது 1 சிமெண்ட், 1 சுண்ணாம்பு, 6 மணல். ‘டைப் ஓ’ என்பது 1 சிமெண்ட், 2 சுண்ணாம்பு, 9 மணல். சுத்தச் சுண்ணாம்புக் காரை 1 சுண்ணாம்புக்கு 3 மணல். எல்லாம் கொள்ளளவுக் கணக்கு, எடையில் அல்ல.

1900ஐ ஒட்டிய வீட்டின் கல் அடித்தளத்துக்குச் சுண்ணாம்புக் காரைதான். பழைய காரையைச் சாவியால் கீறிப் பாருங்கள்; பொடியாக உதிர்ந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி தெரிந்தால் சந்தேகமே இல்லை. 1920களின் கடைசி வீட்டில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த காரையே இருந்திருக்கலாம். ‘டைப் ஓ’ பொருந்தும்.

செய்முறை: இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் பழைய காரையை எடுக்க வேண்டும். 3/8 அங்குல இணைப்பு என்றால் முக்கால் முதல் ஒரு அங்குலம். மேலாகக் கால் அங்குலம் சுரண்டிப் பூசினால் இரண்டு குளிர்காலத்தில் தகடாகக் கழன்று விழும். குறுக்கே நீளும் இணைப்பின் நடுவில் மட்டும் கிரைண்டர் ஓட்டலாம், ஓரங்களை உளியால் எடுங்கள். நிமிர்ந்த இணைப்பில் கிரைண்டரே வேண்டாம்; மேலும் கீழும் உள்ள கல்லில் வெட்டு விழாமல் யாராலும் ஓட்ட முடியாது.

பிறகு தூசி போகக் கழுவி, கல் ஈரமாக இருக்கும்போது (தண்ணீர் நிற்கக்கூடாது) கால் அங்குல அடுக்காகத் திணியுங்கள். ஒவ்வொரு அடுக்கும் கட்டைவிரல் பதியும் அளவு இறுகிய பிறகே அடுத்தது. ஈரச் சாக்கு போர்த்திச் சில நாள் காயாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அவசரப்படாது. உறைபனி விழ இரண்டு மாதமாவது இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அக்டோபரில் ஆரம்பிக்கும் வேலை கெட்டுப்போகும்.

ஃபர்ஸ்ட் தெருவில் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி வாழ்ந்த செங்கல் வீட்டில் காரை வெளியே பிதுங்கி வழிந்து நிற்கும். அது வேண்டுமென்றே விட்டது. அந்தக் காலத்து வீடுகளில் அப்படிக் கண்டால் ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று சீவி எடுத்துவிடாதீர்கள்.

மோட்டுவளை

காரை பூசுமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பூசியதெல்லாம் மறுபடி உதிரும்.

மேற்குப் பக்கத்து ‘எல்’ வீட்டில் இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளம்தான் முதல் சந்தேகம். இரண்டு சரிவின் தண்ணீரும் அந்த ஒரே மூலையில் இறங்கி, முன்திண்ணையின் கூரையில் விழும். அங்கே தகரம் துருத்திருக்கும், இல்லாவிட்டால் தார் பூசி மறைத்திருப்பார்கள். தார் பூசிய பள்ளம் என்றால் உள்ளே பலகை மக்கியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் எடுத்துப் பரணில் ஏறி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேநீர் நிறத்தில் வளையம் வளையமாகக் கறை இருக்கும்.

அடுத்து, சமையலறை இருக்கும் பின்கட்டு. முன்பகுதிக்குக் கல் அடித்தளம் போட்டிருப்பார்கள், பின்கட்டைச் சில கற்களின்மேல் உட்கார வைத்திருப்பார்கள். தரையில் கோலிக்குண்டை விட்டால் பின்பக்கம் ஓடும். சாய்வு இருப்பது மட்டும் கெடுதல் அல்ல, நூறு ஆண்டில் எந்த வீடும் கொஞ்சம் அமரும். சுவர் அடியில் கிடக்கும் உத்தரம் மக்கியிருக்கிறதா என்பதே கேள்வி. ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும்; மக்கியது கேக் போல வாங்கும்.

சுவரைச் சுற்றி மண் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும்: முதல் 10 அடிக்கு 6 அங்குலம். கூரையிலிருந்து இறங்கும் குழாய்த் தண்ணீரை 6 அடியாவது தள்ளி விடுங்கள். இந்த மாவட்டம் கார்ஸ்ட் நிலம், சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் குகையும் பிளவும் உண்டு. தோட்டத்தில் திடீரென்று குழி இறங்கினால் மண்ணைக் கொட்டி மூடி மறந்துவிடக்கூடாது. அது நிலம் உள்வாங்கும் குழியாக (சிங்க்ஹோல்) இருக்கலாம்.

பேஸ்மென்ட் சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உள்ளே ‘வாட்டர்ப்ரூஃப்’ பெயிண்ட் அடிக்காதீர்கள். ஈரம் வெளியிலிருந்து வருகிறது. பெயிண்டுக்குப் பின்னால் உப்பு சேர்ந்து கல்லின் முகத்தையே தள்ளிவிடும்.

ரேடான் சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு அது. 48 மணி நேரமாவது கதவு சன்னல் மூடி வைத்து அளக்க வேண்டும். அளவு லிட்டருக்கு 4 பிகோகியூரியைத் தொட்டால் சரிசெய்ய வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் (இ.பி.ஏ.) வரம்பு.

சன்னலோரம்

பழைய வீடு வாங்கியவர்கள் முதலில் செய்யும் தவறு மரச்சன்னலைக் கழற்றி எறிவது. அது அந்தக் காலத்து அடர்ந்த வளர்ச்சி மரம், ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் பைன் அதற்குப் பக்கத்தில் நிற்காது. பழுதான பாகத்தை மட்டும் மாற்ற முடியும். புதிய இரட்டைக் கண்ணாடிச் சன்னலில் விளிம்புச் சீல் போனால் உள்ளே மங்கலாகிவிடும், முழு அலகையும்தான் மாற்ற வேண்டும்.

மேலும் கீழும் நகரும் இந்தச் சன்னல் மேலே நிற்காமல் விழுகிறது என்றால், அதைத் தாங்கும் கயிறு அறுந்திருக்கிறது. அறைப்பக்கத்து ஓரச்சட்டத்தைப் பெயிண்ட் கோட்டில் கத்தியால் கீறிவிட்டுத் தட்டையான நெம்புகோலால் மெல்லக் கழற்றுங்கள். கீழ்ச்சன்னல் வெளியே வரும். நிலையின் பக்கவாட்டில், அடிப்பக்கத்துக்குக் கிட்டே ஒரு சின்ன மூடி இருக்கும். பெயிண்டில் மூழ்கியிருக்கும், விரலால் தடவித் தேட வேண்டும். அதைத் திறந்தால் உள்ளே சன்னலின் எடையைச் சமன்செய்யும் இரும்புக் குண்டு. புதிய பருத்திக் கயிற்றைக் கப்பி வழியாக விட்டு முடிச்சுப் போடுங்கள். நைலான் வேண்டாம், இழுபட்டு நீளும். கீழ்ச்சன்னலுக்கு இரண்டு குண்டும் சேர்ந்து சன்னலின் எடையைவிடச் சற்றுக் குறைவாகவும், மேல்சன்னலுக்குச் சற்று அதிகமாகவும் இருந்தால் இரண்டும் மூடிய நிலையில் ஒழுங்காக நிற்கும். கண்ணாடியை மாற்றியவர்கள் குண்டை எடை பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

சன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பசை, அதாவது புட்டி, வெடிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் ஒன்றே: காய்ந்த மரத்தில் நேரே வைத்தது. மரம் புட்டியின் எண்ணெயை உறிஞ்சிவிடும். முதலில் ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் ப்ரைமரோ அடித்துக் காயவிடுங்கள். பிறகு மெல்லிய புட்டிப் படுக்கை, அதன்மேல் கண்ணாடி, முக்கோண ஆணிகள், வெளிப்புறச் சரிவுப் புட்டி. ஒன்றிரண்டு வாரம் தோல் கட்டவிட்டு, பெயிண்டைக் கண்ணாடியின்மேல் ஒரு நூல் அளவு ஏற்றி அடிக்க வேண்டும். அந்த ஒரு நூல்தான் மழையைத் தடுக்கிறது.

வெளியே ஒரு ஸ்டார்ம் சன்னல் (பழைய சன்னலுக்கு முன்னால் மாட்டும் கூடுதல் சன்னல்) போட்டால் குளிர் காக்கும் திறன் புதிய சன்னலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அதன் அடிச்சட்டத்தில் இரண்டு மூன்று சின்ன ஓட்டை இருக்கும். தண்ணீர் வடிய விட்டது. காற்று வருகிறதென்று சீலண்டால் அடைத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அடிக்கட்டை மக்கிவிட்டது என்று வருந்துவார்கள்.

தெற்குவாசல்

சன்னலோரம் சொன்னதில் ஒரு இடத்தில் உடன்படமாட்டேன். இது மாணவர் ஊர். பழைய வீடுகளில் நிறைய வாடகைக்கு விட்டவை, குழந்தையோடு வரும் குடும்பங்களும் உண்டு. 1978க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். சன்னல் ஏறி இறங்கும்போது உரசித்தான் ஈயத்தூள் உண்டாகிறது. பராமரிக்க ஆள் இல்லாத வாடகை வீட்டில் பழைய சன்னல் நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

சன்னலோரம்

நியாயம். ஆனால் அதற்கு முழுச் சன்னலையும் எறிய வேண்டியதில்லை. உரசும் முகங்களை மட்டும் வெற்று மரம் வரை சுரண்டி எடுத்தால் தூள் நிற்கும். அங்கே மறுபடி பெயிண்ட் வேண்டாம், எண்ணெயும் மெழுகும் போதும். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், ஹீட் கன் என்றால் 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கூடாது, திறந்த தீயும் கூடாது. வாடகை வீட்டிலோ கூலிக்குச் செய்யும்போதோ, ஒரு அறையில் 6 சதுர அடிக்கு மேல், வெளிச்சுவரில் 20 சதுர அடிக்கு மேல் பெயிண்டைக் கலைத்தால், ஈயப் பெயிண்ட் வேலைக்கான ஆர்.ஆர்.பி. சான்று பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும் என்பது 2010 முதல் மத்திய விதி. முழுச் சன்னலை மாற்றினால் பரப்பு எவ்வளவு சிறிதானாலும் இந்த விதி பொருந்தும்.

தெற்குவாசல்

உரசும் முகம் மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். செய்து முடித்தபின் சன்னலடித் தூளைத் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பட்டும்.

பணத்துக்கு: வாடகை வீடு தேசியப் பதிவேட்டில் இருந்து, செலவும் போதுமான அளவு இருந்தால் 20% மத்திய வரிச்சலுகைக்கு வழி உண்டு, 5 ஆண்டில் பிரித்துக் கிடைக்கும். விண்ணப்பம் வேலை தொடங்குமுன் போக வேண்டும், பழைய நிலையின் புகைப்படங்களோடு. முடித்துவிட்டுப் போனால் பெரும்பாலும் கை விரிப்பார்கள்.

மோட்டுவளை

குளிருக்காகச் செலவு செய்பவர்கள் சன்னலுக்கு முன் பரணைப் பாருங்கள். புகைக்கூண்டைச் சுற்றியுள்ள சந்து, விளக்குத் துளை, சுவர் உச்சி எல்லாவற்றையும் முதலில் அடையுங்கள். புகைக்கூண்டுப் பக்கம் தகரமும் தீத்தாங்கும் சீலண்டும்தான், ஃபோம் கூடாது. அதன்பின் செல்லுலோஸ் (காகிதப் பஞ்சு) 14 அங்குலம் ஊதினால் வெப்பத்தடை அளவு ஆர்-49 வரும். சந்தை அடைக்காமல் ஊதினால் சூடான ஈரக் காற்று ஏறிப் பரணில் பனியாகப் படியும்.

அந்தக் காலத்து மரவீடுகளில் பலூன் ஃப்ரேமிங் அதிகம். சுவர்க்கால்கள் அடி உத்தரத்திலிருந்து கூரை வரை ஒரே நீளம், நடுவில் தடுப்பு இல்லை. பேஸ்மென்ட்டில் பிடித்த தீ நிமிடங்களில் பரணுக்கு ஏறும். சுவர் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு மாடிமட்டத்திலும் மரக்கட்டையோ பாறைப் பஞ்சோ (ராக்வுல்) வைத்து அடையுங்கள்.

சுவருக்குள் எதை ஊதுமுன்னும் மின்கம்பியைப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் தனித்தனியாக ஓடும் கம்பி இருந்தால் அது நாப் அண்ட் ட்யூப். சுற்றிலும் காற்று இருந்தால்தான் அதன் சூடு ஆறும். பஞ்சில் புதைத்தால் உறை வெந்துவிடும். மாற்றிவிட்டே ஊத வேண்டும்.

புதுக்குடி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஏற்கெனவே யாரோ கெட்டிச் சிமெண்ட் பூசிவிட்டுப் போன சுண்ணாம்புக்கல் சுவர் என்றால்? முழுக்க வெட்டி எடுக்க வேண்டுமா?

கல்தச்சன்

அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சிமெண்ட் கல்லோடு இறுகப் பிடித்திருந்தால் எடுக்கும்போது கல்லின் ஓரமும் சேர்ந்து வரும், பூசியவர் செய்த கேட்டைவிட எடுப்பவர் செய்யும் கேடு பெரிதாகிவிடும். சுத்தியலின் பிடியால் இணைப்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ‘ணங்’ என்றால் பிடித்திருக்கிறது, விட்டுவிடுங்கள். ‘டொப்’ என்று கூடாகக் கேட்டாலோ, மயிரிழைப் பிளவு தெரிந்தாலோ அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். குறி போட்டதை மட்டும் எடுக்க வேண்டும்: இணைப்பின் நடுவில் ஒரு வெட்டு, பிறகு இணைப்பைவிட ஒடுங்கிய உளியால் நடுப்பக்கம் நோக்கித் தட்டி, சிமெண்டை உள்ளே மடக்கி விழவைப்பது. கல்லின் பக்கம் நெம்பவே கூடாது.

கல் உரிந்துகொண்டிருக்கும் இடம், கூடாக ஒலிக்கும் இடம், தரையிலிருந்து முதல் இரண்டு மூன்று வரிசை ஆகியவற்றை முதலில் முடியுங்கள். மற்றதை ஒவ்வொரு வசந்தத்திலும் தட்டிப் பார்த்தால் போதும். புதுக் காரைக்கு மணலைப் பழைய காரையின் மணலோடு ஒப்பிட்டு வாங்குங்கள்: பழைய காரைத் துண்டைப் பொடித்து, வினிகரில் போட்டுச் சுண்ணாம்பு கரைந்தபின் அடியில் தங்கும் மணல்தான் மாதிரி. ஒரு சிறிய இணைப்பில் பூசி, முழுதாகக் காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் நிறம் பார்த்து முடிவு செய்தவர்களின் சுவர் இன்றும் திட்டுத் திட்டாக நிற்கிறது.